திரவம் ஒரு பாட்டில், படிகம் ஒரு பாட்டில்

1

சென்ற கார்த்திகையில் இந்த ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் எனக்கு இருபத்தைந்து வருடப் பணி முடிந்தது. அதற்கு இங்கே ஒரு சடங்கு உண்டு. நிர்வாகக் கட்டடத்தில் பழைய காபி வாசனை அடிக்கும் ஓர் அறையில், பணியாளர் பிரிவு அதிகாரி கைகுலுக்கி ஒரு பூங்கொத்தும், தடித்த தாளில் அச்சிட்ட பாராட்டு மடலும் தருவார். மடலில் ‘மதிப்பிற்குரிய திருமதி கோவிந்தசாமி’ என்று இருந்தது. கோவிந்தசாமி என் அப்பா. சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் கரும்பு பயிரிட்டவர், முறுக்கு மீசைக்காரர், இறந்து பல வருடங்கள் ஆகின்றன. என் பெயர் ராஜலட்சுமி. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரைப் போட்ட ஒரே காரணத்துக்காக, அந்த மீசைக்காரரை இந்த நாடு இத்தனை வருடமாகத் திருமதி என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. வந்த புதிதில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் இதை விளக்கப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் குடும்பப் பெயர் கிடையாது என்றேன். குடும்பப் பெயர் இல்லாமல் குடும்பம் எப்படி இருக்க முடியும் என்று கேட்டுவிட்டு, அந்த அம்மாள் வரிசையில் அடுத்தவரை அழைத்தார்.

பூங்கொத்து கொடுத்த அதிகாரி என்ன ஆராய்ச்சி என்று விசாரித்தார். திரவப் படிகங்கள் என்றேன். “ஓ, அது ஒரு காலத்தில் சுவாரசியமான துறை அல்லவா?” என்றார். இறந்தவரைப் பற்றித் துக்கம் கேட்கும் குரல்.

ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சில பொருள்களைச் சூடுபடுத்தினால் நேராக உருகித் தண்ணீர்போல் ஆகிவிடாது. நடுவில் ஒரு நிலையில் நிற்கும். பார்த்தால் கூழ்போல ஓடும். ஆனால் உள்ளே இருக்கும் மூலக்கூறுகள் தேரின் பின்னால் போகும் கூட்டம் மாதிரி, நகர்ந்தபடியே ஒரே திசையை நோக்கி இருக்கும். கொஞ்சம் மின்சாரம் கொடுத்தால் எல்லாம் சேர்ந்து திரும்பும். கைக்கடிகாரம், கால்குலேட்டர், உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் டிவி எல்லாவற்றின் அடிப்படையும் அதுதான். அப்படித் திரும்பக்கூடிய, நடுவில் வளைந்த மூலக்கூறுகளைச் செய்வதுதான் என் வேலை. பெரும்பாலானவை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நூற்றில் ஒன்று கேட்கும். அதை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மயில் கழுத்து நிறத்தில் விசிறி விசிறியாக விரியும். அந்த ஒன்றுக்காகத்தான் இங்கே இருந்தேன்.

இப்போது திரைகள் எல்லாம் வேறு நாடுகளில் செய்யப்படுகின்றன. புதுத் திரைகளுக்குத் திரவப் படிகமே வேண்டாமாம். என் பேராசிரியர் ஓய்வு பெற்றார், அவர் இடம் நிரப்பப்படவில்லை. என் ஆய்வுக்கூடத்தில் பாதியை நானோ என்று தொடங்கும் ஒரு குழுவுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் பல்கலைக்கழகத்தின் விளம்பரத் தாளில் மட்டும் வருடம் தவறாமல் என் படம் வரும். வெள்ளைக் கோட்டு, பாதுகாப்புக் கண்ணாடி, நெற்றியில் பொட்டு. கீழே ‘உலகம் எங்கள் இல்லத்தில்’ என்று ஒரு வாசகம். பொட்டு சரியாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் படம் எடுப்பவர் விளக்கை இரண்டு முறை மாற்றுவார். நான் என்ன செய்கிறேன் என்று அவர் ஒரு முறையும் கேட்டதில்லை.

2

அந்த வாரமே அண்ணன் வாட்ஸப்பில் கூப்பிட்டார். அண்ணன் ஏழுமலைதான் அப்பாவின் நிலத்தைப் பார்க்கிறார். அவருடைய மகள் கவிதா வேதியியலில் எம்.எஸ்சி. முடித்து, கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் சாலையில் உள்ள ஒரு தனியார் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருந்தாள்.

“இன்னாம்மா, நல்லாக்கிறியா?” என்று தொடங்கியவர், கவிதாவின் கல்லூரியில் எனக்குப் பாராட்டு விழா வைக்கிறார்கள் என்றார். தாளாளரே வீடு தேடி வந்து கேட்டாராம். பொங்கலுக்கு எப்படியும் வருகிறேனே, நாலு நாள் முன்னால் வந்தால் போதுமாம்.

எதற்குப் பாராட்டு என்றேன்.

“நீ லிக்விடு கண்டுபுடிச்சிக்கினு இருக்கற இல்ல, அதுக்குத்தான்.”

என் ஆராய்ச்சியைப் பற்றி எங்கள் வீட்டில் உள்ள முழு அறிவும் அவ்வளவுதான். அண்ணி ஒரு முறை, அது பாத்திரம் கழுவும் லிக்விடா, தரை துடைக்கும் லிக்விடா என்று விவரமாகவே கேட்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இங்கே என் பேராசிரியர் வீட்டு முதல் விருந்தில், வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்வதாக நினைத்து நான் சொன்ன ஜெர்மன் வாக்கியத்துக்கு, எனக்குப் போதை தலைக்கேறிவிட்டது என்று பொருள். நான் குடித்ததோ ஆப்பிள் சாறு. பேராசிரியரின் மனைவி அவசரமாகத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். யார் சொல்வதும் யாருக்கும் சரியாகப் போய்ச் சேர்வதில்லை என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன்.

மகள் நிலாவும் வருகிறேன் என்றாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள், கல்லூரியில் சட்டம் படிக்கிறாள். தமிழ் பேசுவாள், ஆனால் ஜெர்மன் அச்சில் வார்த்த தமிழ். பசித்தால் ‘நான் பசி வைத்திருக்கிறேன்’ என்பாள். திருத்தித் திருத்தி அலுத்து, இப்போது சோறு போட்டுவிடுகிறேன்.

3

கள்ளக்குறிச்சியில் பேருந்து நிலையம் தாண்டியதுமே என்னை நானே பார்த்தேன். மின்கம்பத்தில் கட்டிய பிளெக்ஸ். ‘தொலைக்காட்சியைக் கண்டுபிடித்த எங்கள் ஊர்த் தமிழச்சியே வருக’ என்று எழுதியிருந்தது. என் படம் பல்கலைக்கழக விளம்பரத் தாளிலிருந்து வெட்டியது. பக்கத்தில் அதைவிடப் பெரிதாகத் தாளாளர் கும்பிட்டுக்கொண்டிருந்தார். நிலா அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “அம்மா, நீ இதை எனக்குச் சொன்னது வைத்திருக்கவில்லையே” என்றாள்.

கல்லூரி வாசலில் மேளம், பொன்னாடை, ரோஜா மாலை. தாளாளர் முன்பு அரிசி மண்டி வைத்திருந்தவர். இனிமையாகப் பேசுவார், யாரையும் ஒருமையில் கூப்பிட மாட்டார். மேடையில் அவர் எனக்காக ஒதுக்கிய வாக்கியங்கள் குறைவு. கல்லூரியைச் சோதித்து மதிப்பிட வரப்போகிற ஆய்வுக் குழுவைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். வேறு மாநிலங்களிலிருந்து மூன்று பேர் நாளை மறுநாள் வருகிறார்களாம். அவர்கள் தரும் தரவரிசையை வைத்துத்தான் கல்லூரிக்கு எதிர்காலமாம்.

பிறகு என்னை ஒரு கட்டடத்துக்கு அழைத்துப்போனார். கதவின் மேல் புதுப் பித்தளைப் பலகை. ‘பன்னாட்டுத் திரவப் படிக ஆராய்ச்சி மையம். இயக்குநர்: முனைவர் கோ. ராஜலட்சுமி, ஜெர்மனி.’

என் பெயரை யாரோ சரியாக எழுதியிருந்தது பல வருடங்களில் அதுதான் முதல் முறை.

உள்ளே போனோம். வண்ணம் காயாத சுவர். நடுவில் வெள்ளைத் துணி விரித்த மேசை, அதன் மேல் ஒரு மைக்ராஸ்கோப். பள்ளிக்கூடத்தில் வெங்காயத் தோல் பார்ப்பார்களே, அந்த ரகம். திரவப் படிகத்தைப் பார்க்க ஒளியை ஒழுங்குபடுத்தும் இரண்டு தகடுகள் வேண்டும், மாதிரியைச் சூடாக்க ஒரு சின்ன மேடை வேண்டும். இரண்டும் இல்லை. பக்கத்தில் கண்ணாடி அலமாரி. மேல் தட்டில் பச்சை, மஞ்சள், நீலத்தில் பாட்டில்கள், ‘லிக்விட்’ என்று சீட்டு ஒட்டியிருந்தது. கீழ்த் தட்டில் வெள்ளைக் கட்டிகள் போட்ட பாட்டில்கள், ‘கிரிஸ்டல்’ என்று சீட்டு.

ஒரு பச்சை பாட்டிலைத் திறந்து முகர்ந்தேன். எலுமிச்சை வாசனை. தரை துடைக்கும் திரவமேதான். அண்ணியின் சந்தேகம் நியாயமானது. கீழே இருந்தது படிகாரம், முடிதிருத்தும் கடையில் கன்னத்தில் தேய்ப்பார்களே, அது. ஏற்பாடு செய்தவர் பெயரை இரண்டாகப் பிரித்து, இரண்டையும் கடையில் வாங்கி வைத்துவிட்டார். சிரிக்க முயன்றேன், சிரிப்பு வரவில்லை. என் ஆயுளில் பாதி அந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் போயிருக்கிறது.

மையத்தின் ஆராய்ச்சியாளர்கள் பட்டியலில் முதல் பெயர் கவிதாவுடையது. அவள் கதவோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழு வரும்போது நான் மேசைப் பக்கத்தில் நின்றால் போதும் என்றார் தாளாளர். கேட்டால், வருடத்துக்கு இரண்டு முறை வந்து மேற்பார்வை செய்கிறேன் என்று ஒரு வார்த்தை. அதோடு, கவிதா மேடம் மேல்படிப்புக்குப் போக ஆசைப்படுவதாகக் கேள்விப்பட்டேன், எல்லாம் நல்லபடியாக முடிந்தால் அதையும் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சேர்த்துச் சொன்னார்.

4

அதையும் என்றால் எதை என்று வீட்டில் வந்துதான் புரிந்தது. வேலையில் சேர்ந்த அன்றே கவிதாவின் ஒரிஜினல் சான்றிதழ்களை, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் முதல் எம்.எஸ்சி. பட்டம் வரை, கல்லூரி வாங்கி வைத்துக்கொண்டது. எல்லோரிடமும் அப்படித்தான் வாங்குகிறார்களாம். ஆராய்ச்சிப் படிப்புக்கு அவளுக்கு இரண்டு இடங்களில் நேர்காணல் வந்தது. ஒரிஜினல் இல்லாமல் போக முடியவில்லை. கேட்கும்போதெல்லாம் ‘செமஸ்டர் முடியட்டும்’ என்பார்கள். செமஸ்டர் முடிந்தால் அடுத்தது தொடங்கிவிடும்.

நிலாவுக்கு இதை விளங்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒருத்தருடைய பட்டத்தை இன்னொருத்தர் எப்படிப் பூட்டி வைக்க முடியும், போலீசுக்கு ஏன் போகவில்லை என்று கேட்டாள். பிறகு யோசித்துவிட்டு, “அம்மா, இது பொய்யா, இல்ல வழக்கமா?” என்றாள். அவளுடைய தமிழில் இலக்கணம் பிசகாத ஒரு வாக்கியம் அன்றைக்குத்தான் கேட்டேன்.

நான் அந்தப் பலகைக்குக் கீழே நிற்க மாட்டேன் என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் கரும்பு வெட்டு முடிந்து வந்து, கை கால் கழுவிவிட்டு அமைதியாக உட்கார்ந்தார்.

“நின்னா உனக்கு இன்னா போவுது? ஒரு வார்த்த. நீ பொங்கல் முடிச்சி பிளைட் ஏறிப் போயிடுவ. நாங்க இங்கதான இருக்கணும். அந்தாளு மொகத்துலதான முழிக்கணும்.”

இருபத்தைந்து வருடத்தில் அண்ணன் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்கவும் முடியவில்லை. வெளிநாட்டில் இருப்பவர்களின் நேர்மைக்குத் திரும்பிப் போகிற டிக்கெட் ஒன்று கையில் இருக்கிறது. அது இல்லாதவர்களிடம் போய் நிமிர்ந்து நில் என்று சொல்வது எனக்கே அருவருப்பாக இருந்தது. ஒரு வார்த்தைதானே, சொல்லிவிட்டால் பெண்ணுக்குச் சான்றிதழ் கிடைக்கும் என்ற பக்கம் மனம் சாயத் தொடங்கியது.

மறுநாள் காலை கவிதா தன் ஸ்கூட்டியில் என்னைச் சங்கராபுரம் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனாள். வழியில் கரும்பு டிராக்டர் ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு நிற்க, அவளும் வண்டியை நிறுத்தினாள். திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

“அத்த, நீங்க ஆமான்னு சொல்லிட்டா எனக்கு சர்டிபிகேட் கெடைக்கும்னு அப்பா நெனைக்கறாரு. கெடைக்காது. அடுத்த வருஷமும் நீங்க வந்து நிக்கணும்பாங்க, அதுக்காக என்ன விடமாட்டாங்க. நீங்க ஆமான்னு சொல்லுங்க, இல்லன்னு சொல்லுங்க. எனக்காகன்னு மட்டும் சொல்லிக்காதீங்க.”

டிராக்டர் நகர்ந்தது. அவள் வண்டியை எடுத்தாள்.

5

குழு வந்தது. மூன்று பேர், இரண்டு கார்கள். தலைவர் எங்கோ வடக்கே துணைவேந்தராக இருந்து ஓய்வு பெற்றவர். காலைச் சிற்றுண்டி நீண்டுவிட்டதால் தாமதமாக வந்தார்கள். மதிய உணவுக்குப் பிறகு கல்வராயன் மலைக்குப் போய் அருவி பார்ப்பதாகத் திட்டம். ஒரு கார் அதற்காகவே முன்னால் திருப்பி நிறுத்தப்பட்டிருந்தது.

நான் மேசைப் பக்கத்தில் நின்றேன். பின்னால் நிலா, கதவோரம் கவிதா. தலைவர் அலமாரியைப் பார்த்து, வண்ணங்கள் அழகாக இருப்பதாகச் சொன்னார். இரண்டாமவர் மைக்ராஸ்கோப்பைத் தொட்டுப் பார்த்தார். மூன்றாமவர் தன் வீட்டு டிவியில் நடுவே ஒரு கோடு விழுகிறது, அது எதனால் என்று என்னிடம் விசாரித்தார். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த கேள்வியை யாரும் கேட்கவில்லை. இந்த மையத்தை நீங்கள்தான் நடத்துகிறீர்களா என்று கேட்பதற்கு அங்கே ஓர் ஆளும் இல்லை.

ஆகவே கேட்காமலே சொன்னேன். எளிய ஆங்கிலத்தில், மெதுவாகவே சொன்னேன். நான் இந்த மையத்தின் இயக்குநர் அல்ல. இந்த அறையை முந்தாநாள்தான் முதன்முதலாகப் பார்த்தேன். இங்கே திரவப் படிகம் ஒரு துளி கிடையாது. மேல் தட்டில் இருப்பது தரை துடைப்பது, கீழ்த் தட்டில் இருப்பது படிகாரம்.

பிறகு தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். தாளாளரின் தோளைத் தட்டி, உண்மையான விஞ்ஞானிகள் இப்படித்தான், தாங்கள் செய்ததை ஒன்றுமில்லை என்பார்கள், இந்தப் பணிவை இந்தக் காலத்தில் பார்க்க முடிவதில்லை என்றார். மற்ற இருவரும் சிரித்தார்கள். கடைசியாகத் தாளாளரும் சிரித்தார். மூன்றாமவர் என்னோடு நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டார்.

என் கட்டுரைகளை எத்தனையோ நடுவர்கள் நிராகரித்திருக்கிறார்கள். உண்மையை இவ்வளவு மரியாதையாக யாரும் நிராகரித்ததில்லை. என் குரல் அந்தக் காற்றில் எங்கேயும் படவில்லை. ஜெர்மனியிலிருந்து சுமந்து வந்த நேர்மைக்கு அங்கே அலங்காரப் பொருளாக ஓர் இடம் இருந்தது, அவ்வளவுதான்.

பிரியாணியும் கோலா உருண்டையும் தாளாளர் அறையில் பரிமாறப்பட்டன. அவர்கள் அருவியில் தண்ணீர் இருக்குமா என்று பேசிக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டிவிட்டுக் கவிதா உள்ளே வந்தாள். தாளாளரைப் பார்த்து, ஆனால் குழுவுக்கும் புரியும்படி ஆங்கிலத்தில் பேசினாள். தன் ஒரிஜினல் சான்றிதழ்கள் கல்லூரியில் இருக்கின்றன என்றாள். இரண்டு வருடமாகக் கேட்டு வருவதாகவும், ஆராய்ச்சிப் படிப்புக்குத் தேவைப்படுவதால் இன்று தந்தால் உதவியாக இருக்கும் என்றும் சொன்னாள். குரலில் கோபமோ நடுக்கமோ இல்லை. பிறகு தமிழில், “நான் இங்கியே நிக்கறேன் சார். நீங்க சாப்ட்டு முடிங்க” என்றாள்.

யாருடைய ஒரிஜினலையும் கல்லூரி ஒரு நாள்கூட வைத்திருக்கக் கூடாது என்பது விதி. அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். தெரியாததுபோல் இருப்பதற்குத்தான் அவர்கள் அவ்வளவு தூரம் வந்திருந்தார்கள். ஆனால் இவள் எதிரில் நின்றுகொண்டிருந்தாள். தலைவர் கையில் எடுத்த கோலா உருண்டையைக் கீழே வைத்தார். அதனாலென்ன, கொடுத்துவிடுவார்கள், அப்படித்தானே என்று தாளாளரைப் பார்த்தார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

தாளாளர் புன்னகை மாறாமல் மணியை அடித்தார். அலுவலகக் கண்காணிப்பாளர் சான்றிதழ்க் கோப்பைக் கொண்டுவந்தார். கவிதா அங்கேயே நின்று ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்தாள், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று உறுதி செய்தாள், கையெழுத்துப் போட்டாள், நன்றி சொன்னாள், போய்விட்டாள். நிலா தட்டை வைத்துவிட்டு எழுந்து அவள் பின்னாலேயே போனாள். வெளியே இரண்டு பெண்களும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

குழு அருவி பார்க்கப் போனது. நான் வீட்டுக்கு வந்தேன்.

6

மறுநாளே கவிதாவுக்கு வேலை போயிற்று. அண்ணன் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. பொங்கலன்று காலையில், “அவளும் உன்ன மாரியே ஆயிட்டா” என்றார். திட்டுகிறாரா மெச்சுகிறாரா என்று பிடிபடவில்லை.

“என்ன மாதிரி இல்லணா. நான் சொன்னதுக்கு எல்லாரும் சிரிச்சாங்க” என்றேன்.

அவர் கரும்பை வெட்டித் துண்டு போட்டார். முதல் துண்டை நிலாவிடம் நீட்டினார்.

கல்லூரிக்குத் தரவரிசை நன்றாகவே வந்ததாம். மகிழ்ச்சி. பன்னாட்டு ஒத்துழைப்புக்கென்று தனியாகப் பாராட்டியிருக்கிறார்கள். இங்கே எங்கள் பல்கலைக்கழகமும் அதே இரண்டு சொற்களுக்காகத்தான் வருடம் தவறாமல் தன் முதுகைத் தட்டிக்கொள்கிறது. அங்கே என் பெயர் வேண்டியிருந்தது, இங்கே என் முகம். வேலையை மட்டும் இரண்டு இடத்திலும் யாரும் கேட்கவில்லை.

கவிதா சில மாதம் சங்கராபுரத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். ஊரில் பலர் பல விதமாகப் பேசினார்கள். வாயாடி என்று ஒரு மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கியதாக அண்ணி வருத்தப்பட்டார். இரண்டு நேர்காணல்களுக்குப் போனாள், ஒன்றில் கிடைக்கவில்லை. போன வாரம் வேறோர் எண்ணிலிருந்து அழைத்தாள். பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்துவிட்டாளாம். நான் பரபரப்பாகி எந்தச் சேர்மம், எந்த வகை மூலக்கூறு, வளைந்ததா நேரானதா என்று அடுக்கினேன். என் பழைய மாதிரிகளை அனுப்பி வைக்கலாம் என்றுகூட நினைப்பு ஓடியது.

“பேட்டரி அத்த. வண்டிக்குப் போடற பேட்டரி. லிக்விட் கிரிஸ்டல்ல இப்ப யாரு இடம் தராங்க?”

பூங்கொத்து கொடுத்த அதிகாரி இதையே சொன்னபோது பற்றிக்கொண்டு வந்தது. இவள் சொன்னபோது வரவில்லை. தன் வேலை எது என்று பார்த்து எடுத்துக்கொண்டவளின் குரல் அது. நல்லது என்றேன், மனதாரச் சொன்னேன். சாப்பாடு எப்படி, அறை எப்படி என்று கேட்க ஆரம்பித்தேன்.

“அத்த, செல்லு சார்ஜ் ஏறி முடியப் போவுது. போன் இல்ல, லேப்ல இருக்கற பேட்டரி செல்லு. நான் போயி பாக்கணும். அப்பறம் கூப்பிடறேன்” என்று வைத்துவிட்டாள்.

ஊரிலிருந்து வரும் அழைப்புகளை இத்தனை வருடமாக முதலில் துண்டிப்பது நானாகத்தான் இருக்கும். வேலை இருக்கிறது என்பேன். அன்றைக்கு அவளுக்கு வேலை இருந்தது.